தேநீர் வேளையில் பேச வேண்டிய ஆங்கிலம்



சில வாரங்களுக்கு முன் மலைக்கிராமத் தாய் ஒருவர் கவலையோடு என்னைக் காண வந்தார். அவருடைய மகள் செவிலியர். அக்குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பெண். பெங்களூரில் நடைபெறவிருந்த செவிலியர் மாநாடு ஒன்றில் கட்டுரை படிக்க அவளுக்கு அழைப்பு வந்திருந்தது. "மேடையில படிக்கிறத எழுதி மனப்பாடம் பண்ணிட்டா, சாமி. நடுவுல டீ குடிக்க விடுவாங்களாமே, அப்போ யார்கிட்ட என்ன இங்கிலீஷ் பேசுறதுன்னுதான் ராத்திரியெல்லாம் தூங்காம கெடக்கா" என்றார் அந்தத் தாய்.

இதைக் கேட்டு நகைப்போரும் இருக்கலாம். ஆனால் அப்பெண்ணின் அச்சம் நியாயமானது. மேடைப் பேச்சுக்கு ஆசிரியர் உதவுவார். எழுதியதைத் திருத்தித் தருவார். கையில் தேநீர்க் கோப்பையோடு அறிமுகமில்லாதவர் அருகில் நிற்கும் அந்தக் கால் மணி நேரத்திற்கு எந்தக் கல்லூரியிலும் பாடம் இல்லை. நம் பிள்ளைகள் பலர் அந்நேரத்தில் சுவரோரமாக ஒதுங்கி, நிகழ்ச்சி நிரலை மூன்றாம் முறை படிப்பதுபோல் பாவனை செய்கிறார்கள். இக்காலத்தில் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருக்கிறார்கள். திரும்பி வந்து, "நன்றாக நடந்தது" என்கிறார்கள். யாரைச் சந்தித்தாய் என்று கேட்டால் விடை இல்லை.

மாநாட்டில் படிக்கப்படும் கட்டுரைகளைப் பின்னர் அச்சில் படித்துக்கொள்ளலாம். அவற்றை எழுதியவரோடு பேசும் வாய்ப்புத்தான் பின்னர் கிடைப்பதில்லை. மேற்படிப்பு, உதவித்தொகை, நல்ல பணியிடம், நோயாளிக்குப் பயன்படும் ஒரு புதிய முறை ஆகியவற்றைப் பற்றிய செய்திகளெல்லாம் பெரும்பாலும் இந்த இடைவேளைகளில்தான் கைமாறுகின்றன. இதனை ஆங்கிலத்தில் 'நெட்வொர்க்கிங்' என்கிறார்கள். வலை பின்னுதல் என்று பொருள். வலை என்றதும் யாரையோ பிடித்துக் காரியம் சாதித்துக்கொள்வது என்று சிலர் முகம் சுளிப்பர். வலையில் மீன் விழுவதற்கு முன் நூலோடு நூல் முடிச்சிடப்பட வேண்டுமே, அந்த வேலையைத்தான் இங்கே குறிப்பிடுகிறேன்.

இதற்கு நம் மலையிலேயே சான்று உண்டு. ஆலங்காயத்திற்கு மேலே காவலூரில் நிற்கும் வானாய்வகத்தை நீங்கள் அறிவீர்கள். அதனை அங்கே அமைத்தவர் வைணு பாப்பு. இவர் ஐதராபாத்தில் வளர்ந்தவர். தந்தை அங்குள்ள நிசாமியா வானாய்வுக் கூடத்தில் பணியாற்றினார். அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வுக் கூடத்தின் இயக்குநராயிருந்த ஹார்லோ ஷாப்லி இந்தியப் பயணத்தின்போது ஐதராபாத்துக்கு வந்திருந்தார். உலகப் புகழ் பெற்ற அந்த அறிஞரை மாணவர் பாப்பு துணிந்து நேரில் சென்று பார்த்தார். வானியல் படிக்க வேண்டும் என்னும் தம் விருப்பத்தைச் சொன்னார். அவர் ஹார்வர்டு செல்ல அந்தச் சந்திப்பு வழி திறந்தது. 1949இல், மாணவராயிருந்தபோதே, புதிய வால்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். பாப்பு–பாக்–நியூகர்க் என்று அது இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1960இல் கொடைக்கானல் ஆய்வகத்தின் இயக்குநரானார். 1979இல் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். உலகெங்குமுள்ள வானியலார் கூடும் மாநாடுகளுக்குத் தலைமை தாங்கும் பதவி அது. 1982 ஆகஸ்டில் மியூனிக் நகரில் காலமானார். காவலூர் ஆய்வகத்திற்கு அவர் பெயர் 1986 சனவரி 6ஆம் நாள் சூட்டப்பட்டது.

அன்று அந்த மாணவர், "பெரியவர், நாம் போய்த் தொந்தரவு செய்யலாமா?" என்று வாசலிலேயே நின்றிருக்கக்கூடும். நம் வீடுகளில் பிள்ளைகளுக்கு நாம் கற்றுத்தரும் அடக்கம் அப்படிப்பட்டது. பெரியவர் பேசும்வரை சிறியவர் வாய் திறவாதிருப்பது நமக்கு மரியாதை. மாநாட்டு மண்டபத்தில் அதே மௌனத்திற்கு வேறு பொருள் கொள்கிறார்கள்: "இவருக்கு நம்மோடு பேச விருப்பமில்லை." ஒரே மௌனம், இரண்டு மொழிகளில் இரண்டு பொருள். இதைப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லுங்கள். பாதி அச்சம் அங்கேயே தீரும்.

மீதிப் பாதிக்குச் சில வாக்கியங்கள் வேண்டும். நூறு வேண்டா, பதினைந்து போதும். ஆங்கில எழுத்தைவிட ஒலி முக்கியம் என்பதால் தமிழ் எழுத்திலேயே தருகிறேன்.

தனியாக நிற்பவரை அணுகுவது எளிது. "ஹலோ, ஐ டோன்ட் திங்க் வி ஹாவ் மெட்" என்று தொடங்கலாம். நாம் இதுவரை சந்தித்ததில்லை என்று எண்ணுகிறேன் என்பது பொருள். உடனே தன் பெயரைச் சொல்ல வேண்டும். இருவர் மூவர் கூடிப் பேசிக்கொண்டிருந்தால், பேச்சு ஓயும் நேரம் பார்த்து, "மே ஐ ஜாயின் யூ?" என்று கேட்கலாம். பெரும்பாலும் வட்டத்தை விரித்து இடம் தருவார்கள். "ஹவ் டூ யூ டூ?" என்று பழைய பாடநூல்கள் கற்பித்த வணக்கம் இன்று அரிதாகவே காதில் விழுகிறது, "நைஸ் டு மீட் யூ" என்பதே வழக்கு. யாராவது பழைய முறையில் "ஹவ் டூ யூ டூ?" என்றால், அது நலம் விசாரிப்பதன்று, அதே சொற்களைத் திருப்பிச் சொன்னால் போதும். "ஹவ் ஆர் யூ?" என்பதற்கும் "ஃபைன், தேங்க் யூ" என்பதே முழு விடை. மூட்டுவலியை விவரிக்கும் இடம் அதுவன்று.

பெயரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் பெயரில் தந்தை பெயர் முதலெழுத்தாக முன்னே நிற்கிறது. மாநாட்டு விண்ணப்பப் படிவத்திலோ குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் உண்டு. அதில் தந்தை பெயரை எழுதுகிறோம். சூசையின் மகன் பிலிப்பு அங்கே போனதும் எல்லாரும் அவரை "டாக்டர் சூசை" என்று அழைக்கிறார்கள்! அவரோ யாரையோ அழைக்கிறார்கள் என்று பேசாதிருக்கிறார். ஆகவே, "ப்ளீஸ் கால் மீ பிலிப். சூசை இஸ் மை ஃபாதர்ஸ் நேம்" என்று புன்னகையோடு சொல்லிவிடுவது நல்லது. மற்றவர் பெயர் பிடிபடவில்லையானால், "ஸாரி, ஐ டிட் நாட் கேட்ச் யுவர் நேம்" என்று உடனே கேட்டுவிட வேண்டும். அரை மணி நேரம் பேசிய பிறகு பெயரைக் கேட்பதுதான் சங்கடம்.

அடுத்து வருவது, "வேர் ஆர் யூ ஃப்ரம்?" எந்த ஊர் என்னும் இக்கேள்விக்கு நம் மலைப் பிள்ளைகள் சொல்லும் விடை எனக்கு வருத்தம் தருவது. "நியர் வேலூர்" என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். மலை என்று சொன்னால் தாழ்வாக எண்ணுவார்களோ என்னும் கூச்சம். இனத்தின் பெயரைச் சொன்னாலோ வேறொரு குழப்பம். "ஐ ஆம் எ மலையாளி" என்றால் கேட்பவர் கேரளத்தை நினைத்து, ஓணத்தைப் பற்றியும் படகுப் போட்டியைப் பற்றியும் பேசத் தொடங்கிவிடுவார். மலையை ஆள்வோர் என்னும் பொருளில் வழங்கும் பெயர் இது, இவர்கள் தமிழ் பேசும் பழங்குடியினர், காஞ்சிப் பக்கமிருந்து மலையேறியவர்கள் என்பது இவர்களின் மரபுக் கதை என்பதெல்லாம் வெளியாருக்கு எப்படித் தெரியும்? ஆதலின் முழுமையாகவே சொல்லுங்கள்: "ஐ பிலாங் டு த மலையாளி ட்ரைப் ஆஃப் த ஜவ்வாது ஹில்ஸ், இன் நார்தர்ன் தமிழ்நாடு. வி ஸ்பீக் தமிழ்." இரண்டே வாக்கியங்கள். குழப்பமும் இல்லை, ஒளிப்பதும் இல்லை.

அதன்பின் பேச்சுக்குப் பொருள் தேட வேண்டியதில்லை. சாமைச் சோறு, தேன், சந்தன மரம், மலைக்காற்று எனச் சொல்வதற்கு எத்தனையோ உண்டு. எதிரே நிற்பவர் அறிவியல் துறையினராயின், "பெர்ஹாப்ஸ் யூ ஹாவ் ஹெர்ட் ஆஃப் த அப்சர்வேட்டரி அட் காவலூர்" என்று சொல்லிப் பாருங்கள். 1977 மார்ச் 10ஆம் நாள் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்துச் சென்றபோது அக்கோளைச் சுற்றி வளையங்கள் உண்டென உலகம் அறிந்தது. பறக்கும் விமானத்திலிருந்து அமெரிக்கர் கண்ட அந்த நிகழ்வை, காவலூரிலிருந்தும் தொலைநோக்கியால் பதிவு செய்தார்கள். நிலநடுக்கோட்டிற்கு வடக்கே பன்னிரண்டரைப் பாகை அளவில் காவலூர் இருப்பதால் வடவானத்தோடு தென்வானத்தின் பெரும்பகுதியும் அங்கே தெரியும். பாப்பு அவ்விடத்தைத் தேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். கேரளத்தை மூலமாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்த அந்த மலையாளி, நம் மலையாளிகளின் மலைக்கு வந்து சேர்ந்ததும் சுவையான பொருத்தந்தான்.

இனி, நான் முக்கியமென்று கருதுவதைச் சொல்கிறேன். தமிழில் மரியாதை சொல்லின் வாலில் இருக்கிறது. "வா" என்பதோடு வாலைச் சேர்த்து "வாருங்கள்" என்றால் போதும், கட்டளை உபசாரமாகிவிடும். "சொல்லுங்கள்", "உட்காருங்கள்", "சாப்பிடுங்கள்" எல்லாம் அப்படியே. ஆங்கில வினைச்சொல்லுக்கு அந்த வால் இல்லை. நாம் அன்போடு மனத்துக்குள் "வாங்க, உட்காருங்க, சொல்லுங்க" என்று நினைத்து, வாயால் "கம், சிட், டெல் மீ" என்று சொல்லும்போது, வெறும் ஏவல்தான் அவர் காதில் விழுகிறது. போலீஸ் அதிகாரி விசாரிப்பதுபோல் இருக்கும். வாலை இழந்த மரியாதையை நாம் "சார், சார்" என்று மூச்சுக்கு ஒருமுறை சேர்த்து ஈடுகட்டப் பார்க்கிறோம். அது வெளிநாட்டாருக்குப் பழக்கமில்லாதது; "ப்ரொஃபெசர்" அல்லது "டாக்டர்" என்பதோடு குடும்பப் பெயரைச் சேர்த்து ஓரிருமுறை அழைத்தால் போதும்.

ஆங்கிலத்தில் மரியாதை வாக்கியத்தின் தலையில் இருக்கிறது. அதாவது, கட்டளையைக் கேள்வியாக்கிவிடுவது. "மே ஐ", "குட் யூ", "வுட் யூ மைண்ட்" என்னும் மூன்று தலைகளைப் பழகிக்கொண்டால் போதும். (இங்கே 'குட்' என்பது 'நல்ல' என்னும் பொருளுடையதன்று, 'கேன்' என்பதன் பணிவான வடிவம். எழுத்திலுள்ள 'எல்' ஒலிக்காது.) "டெல் மீ அபவுட் யுவர் ஒர்க்" என்பதற்குப் பதிலாக, "குட் யூ டெல் மீ எ லிட்டில் மோர் அபவுட் யுவர் ஒர்க்?" எனலாம். "ரிப்பீட்" என்பதற்குப் பதிலாக, "வுட் யூ மைண்ட் சேயிங் தட் அகெய்ன், எ லிட்டில் மோர் ஸ்லோலி?" எனலாம். இந்தக் கடைசி வாக்கியத்தைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். புரியாததைப் புரிந்ததாகத் தலையாட்டுவதால் வரும் இடர்கள் பல.

தமிழிலிருந்து நேரே பெயர்த்துச் சொல்வதால் பொருள் மாறிப்போகும் இடங்கள் இன்னும் உண்டு. "ஐ ஹாவ் எ டவுட்" என்று நம் மாணவர் எழுந்து நிற்கிறார்; அவர் கருதுவது ஐயம், கேள்வி. பேச்சாளர் கேட்பதோ "நீர் சொன்னதை நான் நம்பவில்லை" என்பது. "ஐ ஹாவ் எ கொஸ்டின்" என்பதே சரி. படிப்பை முடித்ததை "ஐ பாஸ்டு அவுட்" என்கிறோம்; இந்தியாவுக்கு வெளியே அதற்கு மயங்கி விழுந்தேன் என்றே பலரும் பொருள் கொள்வர். "ஐ கிராஜுவேட்டட் ஃப்ரம்" என்று கல்லூரியின் பெயரைச் சேர்த்துச் சொல்க. "மைசெல்ஃப்" என்று தொடங்கிப் பெயர் சொல்வதை அறவே விட்டுவிட்டு, "ஐ ஆம்" என்று தொடங்குக. "வாட் இஸ் யுவர் குட் நேம்?" என்பதும் வட இந்திய வழக்கிலிருந்து வந்தது, தன் பெயரை முதலில் சொன்னால் மற்றவர் தாமே தம் பெயரைச் சொல்வார், கேட்கவே வேண்டியதில்லை.

ஆம், இல்லை என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. "நீங்கள் இன்னும் சாப்பிடவில்லையா?" என்று கேட்டால் தமிழில் "ஆமாம், சாப்பிடவில்லை" என்கிறோம். அதே நினைவில் ஆங்கிலத்தில் "ஹாவன்ட் யூ ஹாட் லஞ்ச்?" என்பதற்கு "யெஸ்" என்று சொல்லி நிறுத்தினால், சாப்பிட்டாயிற்று என்று அவர் போய்விடுவார்; நம் பிள்ளை பட்டினி. கேள்வி எவ்வாறு வந்தாலும் சரி, செய்திருந்தால் "யெஸ், ஐ ஹாவ்". செய்யவில்லையென்றால் "நோ, ஐ ஹாவன்ட்". பின்னிரண்டு சொற்களையும் சேர்த்துச் சொல்வதே பாதுகாப்பு.

நம் ரயில் பெட்டிகளில் பத்து நிமிடத்திற்குள் எதிரே இருப்பவரின் சம்பளம், திருமணம், பிள்ளைகள், சாதி வரை தெரிந்துகொள்கிறோம். அதில் அன்பும் உண்டு. நான் அதைக் குறை கூற மாட்டேன், சாதியைக் கேட்பதைத் தவிர. ஆனால் மாநாட்டில் இவற்றைத் தொடவேண்டா. "இஸ் திஸ் யுவர் ஃபர்ஸ்ட் விசிட் டு இந்தியா?", "ஹவ் வாஸ் யுவர் ஜர்னி?", "விச் செஷன் ஆர் யூ கோயிங் டு நெக்ஸ்ட்?" என்பவை யாரையும் நோகச் செய்யாத கேள்விகள். எல்லாவற்றிலும் சிறந்தது, "வாட் ஆர் யூ ஒர்க்கிங் ஆன் தீஸ் டேஸ்?" இப்போது எந்த வேலையில் ஈடுபட்டிருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு அமைதியாகச் செவிமடுத்தால், எவ்வளவு பெரியவரும் மகிழ்ந்து பேசுவார். ஆங்கிலம் குறைவாகத் தெரிந்தவருக்கும் இது மிகப் பெரிய உதவி. பேச வேண்டிய பாரம் அவர்மேல் போய்விடுகிறது.

உச்சரிப்பைப் பற்றி ஒரு சொல். வெள்ளைக்காரர்போல் நாவைச் சுழற்ற முயலவேண்டா. நிறுத்தி, தெளிவாக, சற்று மெதுவாகப் பேசினால் போதும். 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' ஆக்காமலும், 'ஃபேன்' என்பதைப் 'பேன்' ஆக்காமலும் இருந்தால் அதுவே நல்ல ஆங்கிலம். எங்கள் குருமடத்தில் உணவு மேசையில் ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டிய நாட்கள் உண்டு. அந்நாட்களில் மிக நன்றாகப் பேசியவர்கள் இலக்கணம் அறிந்தவர்கள் அல்லர். குழம்பு வேண்டும் என்பதைக் கேட்கத் துணிந்தவர்களே.

மாநாட்டின் இரவு விருந்தைப் பற்றியும் பெற்றோர் கவலைப்படுகிறார்கள். அது வீண் கவலையன்று. மது பரிமாறப்படலாம். வேண்டாதவர் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர். "நோ, தேங்க் யூ. எ லைம் ஜூஸ் வில் டூ" என்றால் போதும். மறுமுறை வற்புறுத்தினால் அதே வாக்கியத்தை அதே புன்னகையோடு திரும்பச் சொல்லுங்கள். விவாதிக்க வேண்டா; நீதிபோதனையும் வேண்டா. பெண் பிள்ளைகள் கை குலுக்க விரும்பாவிட்டால் கைகூப்பி வணங்கலாம். அதை எவரும் மரியாதைக் குறைவாகக் கொள்வதில்லை. யாரேனும் அளவு மீறி ஒட்டிக்கொண்டு பேசினால், "எக்ஸ்க்யூஸ் மீ, மை கொலீக்ஸ் ஆர் வெய்ட்டிங் ஃபார் மீ" என்று விலகிவிடலாம். தொலைபேசி எண்ணைக் கேட்டு நச்சரித்தால், "ஐ வுட் ராதர் நாட், தேங்க் யூ" எனலாம். தர விருப்பமில்லை என்று மட்டுமே அதற்குப் பொருள். இந்த வாக்கியத்தைத் தாய்மார் தம் பெண்களுக்கு முதலில் கற்பியுங்கள். தேநீர் வேளைக்கு மட்டுமன்றி வேறு இடங்களிலும் உதவும்.

கருத்து வேறுபாட்டை எப்படிச் சொல்வது? நம்மவர் இங்கே இரண்டு எல்லைகளில் நிற்கிறார்கள்: ஒன்று, வாய்மூடியிருப்பது, அல்லது "யூ ஆர் ராங்" என்று முகத்தில் அடிப்பது. "ஐ ஸீ யுவர் பாயிண்ட், பட் மே ஐ ஆட் சம்திங்?" என்பது நடுவழி. உங்கள் கருத்து புரிகிறது, நான் ஒன்று சேர்க்கலாமா என்பது பொருள்.

இதற்கு ஒரு குருவின் வரலாற்றையே எடுத்துக்காட்டலாம். பெல்ஜியம் நாட்டுக் குருவானவர் ஜார்ஜ் லெமேத்ர் 1923இல் குருப்பட்டம் பெற்றவர். கேம்பிரிட்ஜில் எடிங்டனிடமும், பின்னர் ஹார்வர்டில், முன்னே நாம் கண்ட அதே ஷாப்லியிடமும் பயின்றவர். பேரண்டம் விரிந்துகொண்டிருக்கிறது என்பதை 1927இல் ஒரு கட்டுரையில் எழுதினார். அதனைப் பிரெஞ்சு மொழியில், பெல்ஜியத்துக்கு வெளியே அதிகம் படிக்கப்படாத ஓர் இதழில் வெளியிட்டார். அவ்வாண்டு அக்டோபரில் புருசெல்ஸ் நகரில் சால்வே மாநாடு கூடியது. ஐன்ஸ்டீன் வந்திருந்தார். மாநாட்டு மேடையில் லெமேத்ருக்கு இடமில்லை. பூங்காவில் உலாவும்போதுதான் ஐன்ஸ்டீனோடு பேச முடிந்தது. கணக்குகளில் பிழையில்லை, ஆனால் அதன் இயற்பியல் தமக்குச் சற்றும் ஏற்புடையதன்று என்று ஐன்ஸ்டீன் கடுமையாகவே கூறிவிட்டார். இதற்கு முன்பே ஃப்ரீட்மன் என்னும் ரஷ்ய அறிஞர் இத்தகைய கணக்கைச் செய்திருக்கிறார் என்னும் தகவலையும் சொன்னார்.

வேறொருவராயிருந்தால் முகம் சிவந்து விலகியிருப்பார். லெமேத்ரோ அதன்பின் வாடகைக் காரில் கூடச் செல்லும்போதும், தொலைவிலுள்ள விண்மீன் கூட்டங்கள் விலகிச் செல்லும் வேகத்தைப் பற்றி ஐன்ஸ்டீனிடம் பேசிக்கொண்டே சென்றார். வானியலார் அண்மையில் கண்டறிந்தவற்றை அந்த மேதை அதிகம் அறிந்திருக்கவில்லை என்பதும் அப்பயணத்தில் அவருக்கு விளங்கியது. பணிவும் உண்டு, பின்வாங்கலும் இல்லை.

கதை அத்தோடு முடியவில்லை. 1930இல் இலண்டனில் நடந்த வானியலார் கூட்டம் ஒன்றில், புதிய வழியொன்று வேண்டும் என்று எடிங்டன் பேசியது அச்சில் வந்தது. அதைப் படித்த லெமேத்ர், தாம் 1927லேயே அந்த வழியை எழுதியிருப்பதைத் தம் பழைய ஆசிரியருக்குக் கடிதம் மூலம் நினைவூட்டினார். எடிங்டன் அதன் அருமையை உணர்ந்து எங்கும் எடுத்துரைத்தார். 1931இல் அக்கட்டுரை ஆங்கிலத்தில் வெளியானது. ஐன்ஸ்டீனும் அவ்வாண்டிலேயே பேரண்டம் விரிகிறது என்பதை ஏற்றுக்கொண்டார். பிரெஞ்சில் நான்கு ஆண்டுகள் உறங்கிய கட்டுரையை எழுப்பியது ஒரு நினைவூட்டுக் கடிதம்.

ஆதலால் பேச்சை முடிக்கும் முறையிலும், பின்னர் கடிதம் எழுதுவதிலும் கவனம் வேண்டும். நம்மவர் பேச்சை முடிக்கத் தெரியாமல் அப்படியே நின்றுவிடுவது உண்டு. அல்லது சொல்லாமல் நழுவிவிடுவது உண்டு. "ஐ மஸ்ட் நாட் கீப் யூ. இட் வாஸ் குட் டாக்கிங் டு யூ" என்று சொல்லி விடைபெறுங்கள். உங்களை நான் மேலும் நிறுத்திவைக்கலாகாது என்னும் இந்த வாக்கியம், போகும் பழியை நம்மீது போட்டுக்கொண்டு மற்றவரை விடுவிக்கிறது, நம் ஊர் "வரட்டுமா?" என்பதற்கு மிக நெருங்கியது. விடைபெறுமுன், "மே ஐ ரைட் டு யூ?" என்று அனுமதி கேளுங்கள். முகவரி அட்டை தந்தால் வாங்கியவுடன் பையில் திணிக்காமல் ஒருமுறை படித்துப் பாருங்கள். இரவில் அதன் பின்புறத்தில், எந்த இடத்தில் எதைப் பற்றிப் பேசினோம் என்று தமிழிலேயே குறித்துவையுங்கள். பத்து அட்டைகளோடு வீடு திரும்பி, எந்த முகம் எந்த அட்டைக்கு உரியது என்று விழிப்பவர் பலர்.

வீட்டில் பயிற்சி செய்ய ஆங்கிலம் தெரிந்த பெற்றோர் வேண்டியதில்லை. இரவுச் செபம் முடிந்ததும் தாய் ஒரு டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு வெளிநாட்டு அறிஞராக நிற்கட்டும். பிள்ளை அணுகி வந்து, "மே ஐ ஜாயின் யூ?" என்று தொடங்கிப் பெயர் சொல்லி, ஊர் சொல்லி, கேள்வி கேட்டு, விடைபெறட்டும். தாய் தலையசைத்தால் போதும். தம்பி தங்கையர் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். வீட்டில் சிரிப்பைத் தாங்கிய நாக்கு வெளியே தடுமாறாது. ஏழெட்டு நாட்கள் இப்படிச் செய்தால் வாக்கியங்கள் மனப்பாடம் என்னும் நிலையைத் தாண்டி வாய்ப்பழக்கம் ஆகிவிடும்.

கடிதம் மாநாடு முடிந்த ஒரு வாரத்திற்குள் போய்ச் சேர வேண்டும். இக்காலத்தில் மின்னஞ்சலே போதும். நீளம் வேண்டா, புகழ்ச்சி வேண்டா, முதல் கடிதத்திலேயே வேலை கேட்கவும் வேண்டா. "வி மெட் டியூரிங் த டீ பிரேக் அட் பெங்களூர்" என்று எங்கே சந்தித்தோம் என்பதை முதல் வரியில் நினைவூட்டுங்கள். பேசிய பொருளை இரண்டாம் வரியில் குறிப்பிடுங்கள். அவர் அனுப்புவதாகச் சொன்ன கட்டுரையையோ நூற்பெயரையோ மூன்றாம் வரியில் கேளுங்கள்: "குட் யூ கைண்ட்லி ஸெண்ட் மீ த பேப்பர் யூ மென்ஷன்ட்?" நீங்கள் அனுப்புவதாகச் சொன்னது எதுவாயினும் அதை அக்கடிதத்தோடேயே இணைத்துவிடுங்கள். பெயருக்குக் கீழே பணிபுரியும் இடத்தையும், அதற்குக் கீழே "ஜவ்வாது ஹில்ஸ், தமிழ்நாடு" என்றும் எழுதுங்கள். ஒரு மாதமாகியும் பதில் வராவிட்டால், மனம் நோகாமல் இன்னொரு முறை எழுதலாம். அதன் முதல் வரி இவ்வாறு இருக்கட்டும்: "ஐ வொண்டர் இஃப் மை எர்லியர் லெட்டர் ரீச்ட் யூ."